இல்லமே முதல் ஆலயம்



திமொத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும் புனித பவுல் அடிகளார், அந்த விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும், பின்னர் தாய் யூனிக்கியிடமும் இருந்ததை அவருக்கு நினைவூட்டுகின்றார். திருச்சபையின் ஒரு பெரும் மேய்ப்பர் உருவானது ஒரு சாதாரண இல்லத்தில், இரு பெண்களின் மடியிலே என்பது எத்துணை ஆழ்ந்த உண்மை!

இவ்வுண்மைக்கு நமது மண்ணே சாட்சி பகர்கின்றது. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று சட்டம் பிறந்தது. ஆலயங்கள் பறிபோயின. திருமுழுக்கிற்கும் திருமணத்திற்கும் ஆட்சியாளரின் சபையையே நாட வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நம் முன்னோர் மேய்ப்பரின்றி வாழ்ந்தனர்.

1687இல் புனித யோசப் வாஸ் அடிகளார் ஏழையின் கோலத்தில் இக்கரை சேர்ந்தார். கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அச்செபமாலையைக் கண்டதும் யாருடைய கண்கள் கலங்குகின்றன என்று தேடினார். தம் மந்தையை அவர் அவ்வாறே இனங்கண்டுகொண்டார். பின்னர் சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். குருவானவரும் திருப்பலியும் மறைக்கல்வி வகுப்பும் இல்லாத அவ்வாண்டுகளில் பிறந்த ஒரு பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுத்தவர் யார்? கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் செபம் சொன்ன தாயும் தந்தையும் பாட்டியும் அல்லவா?

இன்று நம் கதவுகளைச் சாத்தச் சொல்லும் சட்டம் எதுவுமில்லை. ஆலய மணி தடையின்றி ஒலிக்கின்றது. ஆயினும் அம்மணி ஒலிக்கும் ஞாயிறு காலையில் நம் பிள்ளைகளுள் பலர் தனியார் கல்வி நிலையத்தின் வாங்கிலே அமர்ந்திருக்கின்றனர். மாலைச் செபத்திற்குரிய வேளையைத் தொலைக்காட்சித் தொடர் எடுத்துக்கொள்கின்றது. எஞ்சிய நேரத்தில் ஒரே வீட்டில் ஒவ்வொருவரும் தத்தம் கைத்தொலைபேசியோடு தனித்திருக்கின்றனர்.

பெற்றோரின் ஏக்கத்தை நாம் அறியாதவர்களல்லர். போரினால் வீட்டையும் வளவையும் இழந்த மக்களுக்குக் கல்வி ஒன்றே அழியாச் செல்வமாகத் தெரிகின்றது. பிள்ளை நன்றாகக் கற்க வேண்டும் என்று விரும்புவது பாவமன்று. அது உங்கள் கடமை. ஆனால், புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும் என்கிறோம். பின்னர் சாதாரண தரம் முடியட்டும், அதன்பின் உயர்தரம் முடியட்டும் என்கிறோம். பத்து வயதில் தொடங்கிய இந்த ஒத்திவைப்பு பத்தொன்பது வயது வரை நீள்கின்றது. எந்தப் பாடத்தை மறந்தாலும், 'கடவுளை மட்டும் பிற்போடலாம்' என்ற ஒரு பாடத்தைப் பிள்ளை நன்றாகவே கற்றுக்கொள்கின்றது. அப்பிள்ளை நாளை பல்கலைக்கழகத்திற்கோ, கடல் கடந்த நாட்டிற்கோ செல்லும்போது, ஞாயிறு காலையில் தட்டி எழுப்ப நீங்கள் அருகில் இருக்கமாட்டீர்கள். அன்று அதன் உள்ளத்தில் எஞ்சியிருப்பது என்ன?

குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' என்று 1964ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழைத்தது. மறையாசிரியரிடம் பிள்ளை இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரமே. ஏனைய நேரமெல்லாம் நீங்களே அதன் மறையாசிரியர்கள்.

ஆகவே, செய்யக்கூடியதைச் செய்வோம். மாலையில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பத்துமூன்று மணியும் சொல்ல இயலாதெனில், ஒரு பத்து மணியாவது ஒன்றாகச் சொல்லுங்கள். செபத்தைத் தாயிடம் விட்டுவிட்டு முற்றத்தில் நிற்கும் தந்தையரே, நீங்களும் முழந்தாளிடுங்கள்; அப்பா செபிப்பதைக் காணும் மகன் அதை எளிதில் மறப்பதில்லை. சனி இரவில் மறுநாளைய நற்செய்தியைப் பிள்ளை ஒருவர் உரத்து வாசிக்கட்டும். தந்தையோ தாயோ வெளிநாட்டில் உழைக்கும் வீடுகளில், எந்தத் தொலைபேசி நம்மைப் பிரிக்கின்றதோ அதுவே அவர்களையும் செபத்தில் இணைக்கட்டும்.

ஞாயிறு வகுப்பின் நேரத்தை மாற்றுமாறு ஒரு குடும்பம் கேட்டால் பயன் கிட்டாதிருக்கலாம். பங்கின் பெற்றோர் யாவரும் ஒன்றுகூடிக் கேட்டால், அதைத் தட்டிக்கழிப்பது ஆசிரியருக்கு எளிதன்று. அது கைகூடும்வரை, சனி மாலைத் திருப்பலி உள்ள இடங்களில் அதிலே பங்குகொள்ளுங்கள். ஞாயிறு கடமையை அதுவும் நிறைவு செய்கின்றது.

புனித யோசப் வாஸ் அடிகளார் இன்று நம் வாசலில் வந்து நின்றால், அவரது கழுத்திலுள்ள செபமாலையைக் கண்டு நம் பிள்ளைகள் அடையாளம் கொள்வார்களா? இன்று மாலை, உங்கள் வீட்டில், அதற்கான விடையை எழுதத் தொடங்குங்கள். நாசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் இல்லங்களுக்குத் துணை நிற்பதாக!