வயிறு நிறைந்தும் பசிக்கிறதா? மூளை தேடுவது புரதத்தை!

தட்டு நிறையச் சோறு சாப்பிட்டும், கொஞ்ச நேரத்திலேயே நொறுக்குத்தீனி டப்பாவைத் திறக்கிறீர்களா? உங்கள் சாப்பாட்டில் புரதம் குறைவாக இருக்கலாம்.

தேவையான புரதம் கிடைக்கும்வரை பசி எளிதில் அடங்காது என்ற கருத்தை 2005-ல் முன்வைத்தார்கள், விஞ்ஞானிகள் ஸ்டீபன் சிம்ப்சனும் டேவிட் ராபென்ஹைமரும். புரதம் குறைந்தால் கல்லீரல் எஃப்.ஜி.எஃப்-21 என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து மூளைக்குத் தகவல் அனுப்புவதும் பின்னர் தெரியவந்தது. புரதத்தைத் தேடும் சாக்கில் மாவும் எண்ணெயும் அதிகமாக உள்ளே போய்விடுகின்றன.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் முன்பு சாமை, தினை, கேழ்வரகுதான் அன்றாட உணவு. பிறகு, ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி நிலத்தைப் பிடித்தது. தட்டுக்கு ரேஷன் அரிசி வந்தது. 100 கிராம் தினையில் புரதம் சுமார் 12 கிராம். அரிசியில் 7-8 கிராம். மரவள்ளிக் கிழங்கில் 1 கிராம் அளவுதான்.

சிறுதானியத்தை உரலில் குத்திப் புடைப்பது பெண்களுக்குப் பெரும்பாடு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்து, சிறுதானியங்களை மீட்க உழைத்து வருகிறது.

தானியம் மட்டும் போதாது; பருப்பும் பயறும் சேர வேண்டும். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, மொச்சைக் குழம்பில் ஒரு கரண்டியைக் கூட்டுங்கள். முட்டை, தயிர், கொள்ளும் கைகொடுக்கும். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.