எர்த் குழிக்கு உபயதாரர் இல்லை

தமிழ்நாட்டில் ஓரளவு பழைய தேவாலயம் எதற்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தாலும், மின்விசிறி இறக்கைகளில் குடும்பப் பெயர்கள் சுழன்றுகொண்டிருக்கும். ட்யூப் லைட் பட்டையில் உபயம், சுவர்க் கடிகாரத்தில் உபயம், ஒலிபெருக்கிப் பெட்டியில் யாரோ ஒருவரின் நினைவாக என்று ஒரு வரி. மெயின் போர்டுக் கதவில் மட்டும் எந்தப் பெயரும் இருக்காது. எர்த் குழி வெட்டவும், மின்கசிவில் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வாங்கவும் யாரும் காணிக்கை தருவதில்லை. தந்தாலும் பெயர் எழுத அங்கே இடமில்லை. வேடிக்கையாகத் தோன்றும் இந்த வழக்கத்தில்தான் தேவாலய மின்பணியின் சிக்கல் எல்லாம் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரிகிற கருவிகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. அவற்றைத் தாங்க வேண்டிய ஒயரும் சுவிட்சும் மண்ணுக்குள் புதைந்த தகடும் போட்ட காலத்தில் இருந்தபடியே கிடக்கின்றன. ஆகவே அங்கே வேலைக்கு வரும் எலக்ட்ரீஷியனுக்கு விளக்கு மாட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. "இதற்கு மேல் இந்த லைன் தாங்காது" என்று பங்குத்தந்தையிடமும் நன்கொடையாளரிடமும் சொல்லும் துணிவு வேண்டும்.

வீட்டு ஒயரிங் தினமும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை செய்கிறது. தேவாலயமோ ஆறு நாள் பட்டினி கிடந்து ஏழாம் நாள் விருந்து சாப்பிடுகிற உடம்பு. வார நாள் காலைப் பூசைக்கு நாலு விளக்கும் இரண்டு ஃபேனும் போதும்; ஞாயிற்றுக்கிழமை எல்லாமே ஒரே நேரத்தில் ஓடும். சாதாரண சீலிங் ஃபேன் ஒன்றுக்கு ஏறத்தாழ 75 வாட் என்று வைத்தால், 40 ஃபேனுக்கு 3,000 வாட். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றே சுமார் 1,500 வாட் இழுக்கும். எட்டு மாட்டினால் 12,000 வாட். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் ஒயரில் பிறக்கும் வெப்பம் நாலு மடங்காகிறது. ஃபேனுக்கென்று இழுத்த லைனில் ஏ.சி.யைச் சொருகுவது ஏன் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. போர்டுக்குள் தளர்ந்து கிடக்கும் ஒரு திருகு வார நாளில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. ஆட்கள் நிரம்பி, முழு லோடு ஏறும் நாளில்தான் அது சூடாகிக் கருகும். எகிப்தில் கெய்ரோவை ஒட்டிய இம்பாபா பகுதியில் உள்ள அபு செஃபைன் காப்டிக் ஆலயத்தில் 2022 ஆகஸ்ட் 14 அன்று தீப்பிடித்ததும் ஞாயிறு காலை வழிபாட்டின்போதுதான். இரண்டாம் தளத்து ஏ.சி. ஒன்றில் ஏற்பட்ட மின்கோளாறே காரணம் என்று அரசு சொன்னது. இறந்தவர்கள் 41 பேர். அவர்களில் குழந்தைகளும் உண்டு. பெரும்பாலானோரின் உயிரைப் பறித்தது புகை.

தீயைவிடச் சத்தமில்லாத ஆபத்து மைக்கில் இருக்கிறது. ஆம்ப்ளிபையரையும் கீபோர்டையும் வெவ்வேறு பிளக்கில் சொருகும்போது ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் எழுவது பாடகர் குழுக்களுக்குப் பழகிய தொல்லை. அதை அடக்கப் பலர் செய்யும் வேலை, பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவது. இரைச்சல் நின்றுவிடும், கூடவே, உள்ளே ஒயர் உரசினால் மின்சாரம் மண்ணுக்குப் போகும் வழியும் அடைபட்டுவிடும். பிறகு அது தேடிக்கொள்ளும் வழி மைக்கைப் பிடித்தவரின் உடம்பு. முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளில் இது இன்னும் கொடியது. 2005 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து வேக்கோ நகரில், ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீரில் நின்றபடி மைக்கைத் தொட்ட 33 வயதுப் போதகர் மின்சாரம் தாக்கி இறந்தார். ஒலிக் கருவிகள் அனைத்தையும் ஒரே லைனில், ஒரே எர்த்தில் கொடுத்தால் இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். தண்ணீர் இருக்கும் இடத்தில் பேட்டரியில் ஓடும் மைக்தான் இருக்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத பலிபீடப் பகுதி எவ்வளவு அழகாக இருந்தாலும் முடிக்கப்படாத வேலைதான்.

பழைய கட்டடம் என்றால் கை இன்னும் நிதானிக்க வேண்டும். சென்னைக் கோட்டைக்குள் 1680-இல் அர்ப்பணிக்கப்பட்ட தூய மரியாள் ஆலயத்தின் கூரை, குண்டு விழுந்தாலும் தாங்கும்படி செங்கல் வளைவாகக் கட்டப்பட்டது. எரிய அங்கே மரச்சட்டம் இல்லை. எல்லாக் கோவிலும் அப்படி இல்லை. ஓட்டுக் கூரைக்கடியில் மரச்சட்டமும் பலகையும் தூசியும் குருவிக்கூட்டுச் சருகும் உள்ள இடத்தில் ஓர் எலி கடித்த ஒயர் போதும். பாரிஸின் நோத்ர தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தபோது தீ பரவியது பல நூற்றாண்டு வயதான ஓக் மரக் கூரைச் சட்டங்களில். அணைக்காத சிகரெட்டோ மின்கோளாறோ காரணமாக இருக்கலாம் என்றது அரசு வழக்கறிஞர் அலுவலகம். எது என்று நிரூபணமாகவில்லை. ஆகவே கூரைக்குள் ஒயர் போகாமல் வேலையை முடிக்க முடியுமா என்பதே முதல் கேள்வி. சுவரிலும் இதே யோசனை வேண்டும். சுண்ணாம்புக் காரைச் சுவரைக் கட்டரால் கீறிக் குழாய் பதித்துச் சிமெண்டால் பூசினால், ஈரம் வெளியேற வழியின்றிப் பக்கத்துக் காரை உதிரும். கல்லைத் துளைப்பதற்குப் பதில் கல்லுக்கிடையே உள்ள காரைச் சந்தில் துளையிட்டால், பிற்காலத்தில் தடயமின்றி அடைத்துவிடலாம். கடலோரக் கோவில்களில் உப்புக்காற்று இரும்புப் பெட்டிகளையும் இணைப்புகளையும் அரிக்கும் என்பதால் சோதனை அடிக்கடி நடக்க வேண்டும். முப்பது அடி உயரத்தில் மாட்டும் விளக்கை நாளை யார், எதில் ஏறி மாற்றுவார் என்று மாட்டும்போதே கேட்டுவிடுவது நல்லது. கோயில்பிள்ளை ஏணியில் ஏறுவார் என்பது பதிலாகாது.

உள்ளே இவ்வளவு என்றால், வெளியே திருவிழா. கொடியேற்றம் முதல் தேர்பவனி வரை பத்து நாளும் கோபுரம், கெபி, தெரு என எங்கும் சீரியல் செட் தொங்கும். கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் 2025 மார்ச் 1 அன்று, தேவாலயத் திருவிழா வேலையில் உயரமான இரும்பு ஏணி மேலே சென்ற மின்கம்பியில் பட்டு நான்கு பேர் இறந்தார்கள். தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை அப்பர் விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசியதில் 11 பேர் போனார்கள். மதம் வேறு, காரணம் ஒன்றே. 11 கிலோவோல்ட் லைன் சாலையைக் கடக்கும் இடத்தில் குறைந்தது 6.1 மீட்டர், அதாவது 20 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சாலையை உயர்த்தி உயர்த்தித் தார் போட்ட ஊர்களில் அந்த 20 அடி மிஞ்சியிருக்கிறதா என்பதே சந்தேகம். முடி வைத்த சப்பரமோ எளிதாக அந்த உயரத்தைத் தொடும். பவனிக்கு முன் பாதை முழுக்க நடந்து உயரம் பார்ப்பதும், பவனி நேரத்தில் லைனை நிறுத்த மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுப்பதும் மின்பணியின் பகுதிதான். ஜெனரேட்டரைச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைத்தால், மின்சாரம் பின்பக்கமாகத் தெரு லைனுக்கு ஏறி, கம்பத்தில் நிற்கும் ஊழியரைக் கொல்லும். டிசம்பரில் காய்ந்த வைக்கோல் குடிலுக்குள் சூடாகும் பல்பு வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம்.

இதற்கெல்லாம் வழக்கமான மறுமொழிகள் உண்டு. "நம் பங்கிலேயே வயர்மேன் இருக்கிறார், காசு வாங்காமல் செய்கிறார்." செய்யட்டும், உரிமமும் சோதனைக் கருவியும் இருக்கட்டும், செய்ததை எழுதி வைக்கட்டும். இலவச வேலையில் குறை சொல்ல முடியாது என்பதுதான் அதன் பெரிய குறை. "ஆர்.சி.சி.பி. போட்டால் பூசை நடுவே ட்ரிப் ஆகிறது" என்கிறார்கள். மொத்தக் கோவிலுக்கும் ஒன்றே ஒன்று போட்டால் ஆகத்தான் செய்யும். பீடம், ஃபேன், ஒலி, வெளி அலங்காரம் என்று பிரித்துத் தனித்தனியே போட்டால், மழையில் நனைந்த சீரியல் செட் அணையும், பூசை தொடரும். அப்படியும் ட்ரிப் ஆனால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். பழி கருவி மேல் இல்லை. "இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே" என்பதற்குப் பதில் எளிது: அத்தனை வருடமும் இந்த லோடு இருந்ததில்லை. செலவைப் பற்றிய கவலை மட்டும் நியாயமானது. சிறு கிராமப் பங்குகளுக்கு முழு ஒயரிங்கையும் மாற்றுவது எட்டாத தொகை. அவர்கள் ஒயரின் காப்புறை நலத்தைப் பார்க்கும் மெக்கர் சோதனை, எர்த், ஆர்.சி.சி.பி. என்ற வரிசையில் ஆண்டுக்கொன்றாகச் செய்யலாம். பழைய விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றினால் பில்லும் குறையும், லைனின் பாரமும் குறையும்.

அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்ற வரைபடம் நம் கோவிலில் இருக்கிறதா? இல்லையென்றால், புது ஏ.சி.க்கு வந்திருக்கும் நன்கொடையை ஒரு மாதம் நிறுத்தி வைத்து, முதலில் அதை வரையச் சொல்லுங்கள். பெயர் பொறிக்க வேண்டும் என்று நன்கொடையாளர் விரும்பினால், மெயின் போர்டுக் கதவில் இடம் இருக்கிறது.