முயலுக்குப் பயந்த பீட்டர்

1920-களில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பீட்டர் என்று ஒரு பையன் இருந்தான். மூன்று வயதுகூட நிரம்பவில்லை. மற்றபடி துறுதுறுப்பான பிள்ளைதான். ஆனால் வெள்ளை எலியைக் கண்டால் வீரிட்டு அழுவான். முயல் என்றால் கேட்கவே வேண்டாம். ரோமக் கோட்டு, இறகு, பஞ்சு என்று புசுபுசுவென எது இருந்தாலும் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்தக் கதைதான்.

அவனுக்கு உதவ வந்தவர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் உளவியலாளர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1920-இல், ஜான் வாட்சன், ரோசலி ரேனர் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டிருந்தார்கள். ஆல்பர்ட் என்ற கைக்குழந்தை வெள்ளை எலியைத் தொடப் போகும்போதெல்லாம், அவன் முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். கொஞ்ச நாளில், சத்தமே இல்லாமல் எலியைப் பார்த்ததுமே குழந்தை அழத் தொடங்கியது. பயத்தைப் பழக்கிவிட முடியும் என்று காட்டிவிட்டார்கள்; பழக்கிய பயத்தைப் போக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள்! இன்று அப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள். நல்லவேளை.

பழகி வந்த பயத்தைப் பழக்கியே போக்க முடியுமா? இதுதான் மேரியின் கேள்வி.

முதலில், பயந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூளைக்குள் இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்து என்று அதற்குத் தோன்றினால் போதும், நாம் யோசித்து முடிப்பதற்குள் உடம்பு தயாராகிவிடும். சிறுநீரகங்களின் மேலே உள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், கைகால் தசைகளுக்கு ரத்தம் பாயும். ஓடுகிற நேரத்தில் சாப்பாடு செரிப்பதா அவசரம்? அதனால் வயிற்றின் வேலை மந்தமாகும். வயிற்றில் புளியைக் கரைப்பது இப்படித்தான். மாடு முட்ட வரும்போது இதெல்லாம் நம் உயிரைக் காக்கும்.

வம்பு எங்கே என்றால், ஆபத்தே இல்லாத இடத்திலும் இது கிளம்பிவிடுவதில். பீட்டர் முயலைப் பார்க்கிறான், அலறுகிறான், யாரோ அவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உடனே நெஞ்சு படபடப்பு அடங்குகிறது. அப்பாடா! மூளை இதை எப்படிக் கணக்கு வைத்துக்கொள்ளும்? ‘விலகி வந்தோம், பிழைத்தோம்’ என்றுதான். முயல் ஒன்றும் செய்யாது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அதற்குக் கிடைக்கவில்லை. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் விலகச் சொல்லும். விலக விலக பயம் கொழுக்கும். மேடை, இருட்டு, ஊசி, பரீட்சை என்று எந்தப் பயத்தை எடுத்தாலும் இதே கதைதான்.

மேரி என்ன செய்தார்? முயலைப் பார்த்துப் பயப்படாத மூன்று குழந்தைகளோடு பீட்டரை விளையாடவிட்டார். நடுவில் முயலும் வரும். அவர்கள் அதைக் கொஞ்சுவதைப் பார்த்துப் பார்த்து, பீட்டர் மெல்ல மெல்லத் தேறினான். அதற்குள் அவனுக்குக் காய்ச்சல் கண்டு, இரண்டு மாதம் வர முடியாமல் போனது. குணமாகி மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது ஒரு பெரிய நாய் அவன்மேல் பாய்ந்துவிட்டது. போன பயமெல்லாம் திரும்பி வந்தது.

இதில் ஆச்சரியம் இல்லை. புதிய பாடம் பழைய பயத்தை அழித்துவிடுவதில்லை, அதன்மேல் உட்காருகிறது. ஓர் அதிர்ச்சி வந்தால் பழையது எட்டிப் பார்க்கும் என்கிறது பிற்கால அறிவியல்.

மேரி மறுபடி தொடங்கினார். பீட்டரை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தார். முயல் கம்பிக் கூண்டில் வந்தது, ஆனால் அவன் சாப்பிடுவதை நிறுத்தாத தூரம் வரைதான். பன்னிரண்டு அடி தள்ளி இருந்த கூண்டு நாள் போகப் போக நான்கு அடிக்கு வந்தது, பிறகு மூன்று அடிக்கு, பிறகு பக்கத்திலேயே. அப்புறம் கூண்டே வேண்டியிருக்கவில்லை. கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான், தன் விரலைச் செல்லமாகக் கொறிக்கவும் விட்டான். பஞ்சு, இறகு, கோட்டுப் பயங்களுக்கென்று தனி வைத்தியம் எதுவும் செய்யவில்லை. அவையும் போய்விட்டன!

அவசரப்பட்டிருந்தால்? முயல்மேல் ஆசை வருவதற்குப் பதிலாகச் சாப்பாட்டின்மேல் பயம் வந்திருக்கலாம். மேரியே இதை எச்சரித்து எழுதியிருக்கிறார்.

வேறு குழந்தைகளிடம் அவர் சோதித்த மற்ற வழிகள்தான் எனக்கு இன்னும் சுவையாகத் தெரிகின்றன. கேலி செய்து பார்த்தால் பயம் போகவில்லை. சும்மா விட்டுவைத்தாலும் போகவில்லை. ஏறக்குறைய ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியிடம் ஒரு வாரம் தினமும் முயல் கதை பேசினார்கள், படம் காட்டினார்கள். ‘முயலைத் தொட்டேன், தடவினேன்’ என்று அவளும் அளந்தாள். நிஜ முயல் வந்ததும் விளையாட்டை விட்டு எழுந்து பின்வாங்கிவிட்டாள். ‘இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?’ என்று கேட்கும் மாமாக்களும் சித்திகளும் இதைப் படித்தால் தேவலை.

மேரியின் கட்டுரைகள் வந்தது 1924-இல். அப்போது அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 1950-களில் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பி இதே படிப்படியான முறையைப் பெரியவர்களுக்கான சிகிச்சையாக வளர்த்தார். இன்று, பயம் பல மாதங்கள் நீடித்து, பள்ளிக்கூடம், தூக்கம், விளையாட்டு என்று எல்லாவற்றையும் கெடுத்தால் அதைப் பதற்றக் கோளாறு என்கிறார்கள். அது கோழைத்தனம் அல்ல, சிகிச்சை உள்ள ஒரு நோய்.

நாய் என்றால் நடுங்கும் ஒரு பிள்ளை மனநல ஆலோசகரிடம் போனால், இருவரும் சேர்ந்து ஒரு பட்டியல் போடுவார்கள். நாயின் படத்தைப் பார்ப்பது, குரைக்கும் ஒலியைக் கேட்பது, எதிர் வீட்டு நாயை ஜன்னல் வழியே பார்ப்பது என்று ஒவ்வொன்றும் எவ்வளவு பயம் தருகிறது என்று பூஜ்யம் முதல் பத்து வரை பிள்ளையே மார்க் போடும். குறைந்த மார்க்கில் தொடங்குவார்கள். பயம் ஏறும், ஓடாமல் இருந்தால் பெரும்பாலும் அது தானே இறங்கும். சட்டென்று இறங்காவிட்டாலும், நினைத்த ஆபத்து நடக்கவில்லை என்பதை மூளை நேரில் பார்த்துக்கொள்ளும். அடுத்த படிக்கு எப்போது போவது என்பதைப் பிள்ளையைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

இதைத் தெருநாயிடம் போய்ச் செய்து பார்க்க வேண்டாம்! தெரியாத நாயிடம் எச்சரிக்கையாக இருப்பது நோயல்ல. வெறிநாய்க்கடி நிஜமான ஆபத்து. பயிற்சிக்குத் தடுப்பூசி போட்ட, சாதுவான வீட்டு நாய்தான் வரும். கயிறு அதை வளர்ப்பவர் கையில் இருக்கும்.