பாதத்திலிருந்து இதயத்திற்கு ஏறும் இரத்தம்

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் இராஜகோபுரம் பதினோரு நிலைகள் கொண்டது. உயரம் ஏறத்தாழ 192 அடி. அதன் உச்சிக்கு 15 லிட்டர் குடத்தில் தண்ணீர் கொண்டு செல்வதாக வைத்துக்கொள்வோம். பதினோரு குடம் தண்ணீரை மேலே சேர்ப்பதற்கு எவ்வளவு வேலை செய்யவேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவு வேலையை நம் இதயத்தின் இடது கீழறை ஒரே நாளில் செய்துவிடுகிறது. கணக்கு எளிதுதான். நிமிடத்திற்கு 5 லிட்டர் வீதம் ஒரு நாளைக்கு 7,200 லிட்டர் இரத்தம். அதைத் தள்ளும் சராசரி அழுத்தம் 100 மி.மீ. பாதரசம். கன அளவையும் அழுத்தத்தையும் பெருக்கினால் சுமார் 96,000 ஜூல் வரும். சும்மா படுத்திருப்பவருக்கே இந்தக் கணக்கு!

ஆனால், இதே இதயம் இரத்தத்தை எவ்வளவு உயரத்திற்கு ஏற்ற முடியும்? பாதரசத்தின் அடர்த்தி 13.6, இரத்தத்தின் அடர்த்தி 1.06. ஆகவே 100 மி.மீ. பாதரசத்திற்குச் சமமான இரத்தத் தம்பத்தின் உயரம் 1.28 மீட்டர்தான். கோபுரத்தின் முதல் நிலைக்குக்கூட எட்டாது. தலை இதயத்திற்குச் சற்று மேலேதான் உள்ளது. எனவே அங்கே தொல்லை இல்லை. கால் கீழே உள்ளது. இறங்குவதற்கும் தொல்லை இல்லை. பாதத்திற்குப் போன இரத்தம் திரும்பி வருவதில்தான் சிக்கல். தமனியில் பெற்ற தள்ளுவிசையில் பெரும்பகுதி நுண்தமனிகளையும் மயிரிழையினும் மெல்லிய தந்துகிகளையும் கடப்பதில் செலவாகிவிடுகிறது. சிரையை அடையும்போது மிஞ்சுவது 10, 15 மி.மீ. மட்டுமே. பாதத்திலிருந்து இதயம் வரை ஏறவேண்டிய உயரமோ 1.2 மீட்டர், அதாவது 90 மி.மீ. பாதரசத்திற்கும் சற்று மேல்.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து கேட்கக்கூடும்: "இது யு-வடிவக் குழாய் போன்றதுதானே? ஒரு பக்கம் இறங்கும் இரத்தத்தின் எடை, மறுபக்கம் ஏறும் இரத்தத்தின் எடையைச் சரிக்கட்டிவிடாதா?" நல்ல கேள்வி. இரத்தக் குழாய்கள் இரும்பால் ஆகியிருந்தால் சரிக்கட்டிவிடும். மிஞ்சிய 10 மி.மீ. அழுத்தமே போதும். ஆனால் சிரையின் சுவர் மெல்லியது. சைக்கிள் ட்யூபைப் போல் விரிந்து கொடுக்கக்கூடியது. அசையாமல் நிற்கும்போது பாதத்துச் சிரையில் 90 மி.மீ. அழுத்தம் ஏறுகிறது. சிரை உப்புகிறது, அரை லிட்டர் அளவு இரத்தம் இடுப்புக்குக் கீழே தேங்கிவிடுகிறது. இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது; ஆகவே அது வெளியேற்றும் இரத்தமும் குறைகிறது. முதலில் பாதிக்கப்படுவது மூளைதான். சுதந்திர தினக் கொடியேற்றத்தின்போது வெயிலில் விறைப்பாக நிற்கும் மாணவர்களில் ஒருவர் சரிந்து விழுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. காலையில் சாப்பிடாததை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அப்படி விழுந்தவரைத் தூக்கி நிறுத்தவே கூடாது. படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்திவிட்டால் அந்த 1.2 மீட்டர் தம்பமே இல்லாமல் போகிறது.

அப்படியானால் நாம் எல்லோரும் ஏன் தினமும் மயங்கி விழுவதில்லை? சிரைகளுக்குள் சிறு சிறு வால்வுகள் இருக்கின்றன. இத்தாலியின் படுவா நகரில் ஃபாப்ரீசியஸ் என்ற பேராசிரியர் 1603இல் இவற்றைப் படத்துடன் விளக்கினார். ஆனால், இரத்தம் கீழ்நோக்கிப் பாயும் வேகத்தைக் குறைப்பதே இவற்றின் பணி என்று அவர் கருதினார். அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி, 1628இல் வெளியிட்ட நூலில் உண்மையைக் காட்டினார். அவர் செய்த சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி ஒரு முழம் போதும். முழங்கைக்கு மேலே அளவாகக் கட்டுங்கள். முன்கையில் சிரைகள் புடைக்கும். இடையிடையே சிறு முடிச்சுகள் தெரியும். அவையே வால்வுகள். ஒரு முடிச்சுக்குக் கீழே சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் இரத்தத்தை அந்த முடிச்சைத் தாண்டி மேலே தள்ளுங்கள். இடைப்பட்ட பகுதி வெறுமையாகவே இருக்கும். மேலிருந்து இரத்தம் இறங்காது. கீழே அழுத்திய விரலை எடுத்தால் உடனே நிரம்பும். கட்டை ஓரிரு நிமிடத்தில் அவிழ்த்துவிடுங்கள்.

வால்வு இரத்தத்தைத் திரும்பவிடாது. ஆனால் தள்ளவும் செய்யாது. தள்ளுவது கெண்டைக்கால் தசை. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அது சுருங்கித் தன்னுள் இருக்கும் சிரைகளைப் பிழிகிறது. வால்வு இருப்பதால் இரத்தம் மேலே மட்டுமே போகிறது. நடக்கத் தொடங்கியதும் பாதச் சிரையின் அழுத்தம் 90இலிருந்து 30க்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். இதை இரண்டாவது இதயம் என்பது மிகையன்று. ஒரே வேறுபாடு, இது தானாகத் துடிப்பதில்லை.

நம் பகுதித் தொழில்களை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். கைத்தறி நெசவாளர் உட்கார்ந்திருந்தாலும் அவருடைய கால் மிதிகட்டையை மிதித்துக்கொண்டே இருக்கிறது. 1936இல் இராஜபாளையம் மில்ஸ் தோன்றியது முதல் இங்கே பெருகிய நூற்பாலைகளில், அறுந்த இழையைப் பிணைப்பவர்கள் இயந்திரத்தின் நீளத்திற்கு நடந்துகொண்டே இருக்கிறார்கள். களைப்பு மிகுந்த வேலைதான். ஆயினும் கெண்டைக்கால் சும்மா இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கிளறுபவரின் நிலை வேறு. பால் அடிபிடிக்கும் என்பதால் அடுப்பை விட்டு நகர முடியாது. போதாக்குறைக்கு, அனல் பட்டுத் தோலின் இரத்தக் குழாய்கள் மேலும் விரிகின்றன. துணிக்கடையில் நாள் முழுதும் நிற்கும் விற்பனைப் பெண்ணுக்கு அனல் இல்லை. மற்றபடி நிலை ஒன்றே. 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று விதித்தது. என் கருத்தில், இது சலுகை அன்று. பாய்ம இயற்பியல் கேட்பதும் இதையே.

பல ஆண்டுகள் இப்படி நின்றால், வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தாத அளவுக்குச் சிலருக்குச் சிரை விரிந்துவிடும். பரம்பரையும் பேறுகாலமும்கூட இதற்குக் காரணமாகலாம். காலில் நீலநிறத்தில் முறுக்கிக்கொண்டு தெரியும் இதனை 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்கிறார்கள். அது நரம்பு அன்று, சிரை. நின்றே தீரவேண்டியவர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குதிகாலை உயர்த்தி இறக்கலாம். நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிக்கலாம். இரவில் காலுக்கடியில் தலையணை வைத்துக்கொண்டால் வீக்கம் வடியும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், சிரைக்குள் இரத்தம் உறைந்திருக்கலாம். தைலம் தேய்த்துக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும்.