புற்றுநோயாளரின் இருதய வால்வுகளில் அரிய பற்றீரியத் தொற்றுக்கள்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவருக்குக் காய்ச்சல் காணுமிடத்து, அதனை மருந்தின் விளைவென்று கருதி வீட்டிலேயே பொறுத்திருத்தல் நம்மிடையே உண்டு. அக்காலத்தில் பற்றீரியாக்கள் அவரது இருதய வால்வில் தங்கி அதனை அரித்துக்கொண்டிருத்தலும் கூடும். இது அரிதே, எனினும் காலந் தாழ்த்திக் கண்டறியப்படின் உயிர்க்கு இறுதியாவது.

நலமான வால்வின் வழுவழுப்பான உட்படையிற் கிருமிகள் எளிதில் ஒட்டுவதில்லை. இளமையில் வாதக் காய்ச்சலால் வடுப்பட்ட வால்வு அவ்வாறன்று. புற்றுநோயோ குருதியின் உறையுந்தன்மையை மிகுவித்து, கிருமி எதுவுமின்றியே வால்வின்மீது சிறு உறைகட்டிகளைத் தோற்றுவிக்கவல்லது. பின்னர்க் குருதியிற் புகும் கிருமிகளுக்கு அவை இருப்பிடமாகின்றன. மருந்தேற்றுதற்கு நாளத்தில் நெடுநாள் வைக்கப்படும் குழாய், சிகிச்சையாற் புண்பட்ட வாய், சூத்தைப் பல், புற்று அரித்த குடற்சுவர் ஆகியன அவற்றின் நுழைவாயில்கள். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கமுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில், வாய்ப்புற்றை நோக்கும் மருத்துவர் பற்களையும் நோக்குதல் வேண்டும்.

சிலபோது வால்வுத் தொற்றே மறைந்துள்ள புற்றைக் காட்டிக்கொடுக்கும். பெருங்குடற் புற்றுடைய ஒருவரிடம் இத்தகைய தொற்று 1951இல் அறிவிக்கப்பட்டது. ஸ்ரெப்ரோகொக்கஸ் போவிஸ் என்னும் கிருமிக்கும் அப்புற்றுக்கும் உள்ள தொடர்பை 1977இல் வெளியான ஆய்வு நிறுவியது. அவ்வினத்துட் பெருங்குடற் புற்றோடு மிக நெருங்கியது இன்று ஸ்ரெப்ரோகொக்கஸ் கலோலிற்றிக்கஸ் எனப்படுகின்றது. ஆய்வுகூட அறிக்கையில் இப்பெயர் காணப்படின், குடலையும் அகநோக்கியாற் சோதித்தல் இன்றியமையாதது.

இனி, நடைமுறை இடர் ஒன்று. தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் நிகழ்ந்த நடைபயணத்தின் வழித் திரட்டிய நிதியால், 2013இல் தெல்லிப்பழையிற் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆயினும் தீவுப்பகுதியில் வாழும் நோயாளி ஒருவர் காய்ச்சல் கண்டவுடன் அண்மையிற் கிடைக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை விழுங்கிவிட்டே மருத்துவமனைக்குப் புறப்படுதல் கூடும். ஓரிரு மாத்திரைகள் நோயைத் தீர்க்கா. குருதி வளர்ப்புச் சோதனையிற் கிருமி தோன்றாவண்ணம் மட்டும் செய்துவிடும். எக்கிருமி என்று அறியாத மருத்துவர் பொருத்தமான மருந்தைத் தெரிதல் எங்ஙனம்? ஆதலின் மருந்து கொடுக்குமுன் வெவ்வேறு இடங்களிலிருந்து மும்முறை குருதி எடுத்தலே நெறி. நிலைமை கடுமையாயின் இதனை விரைந்து முடித்து, மருந்தை உடனே தொடங்குவர். வால்வின் நிலையை மிகையொலிப் படம் காட்டும்.

சிகிச்சை பெரும்பாலும் நான்கு தொடக்கம் ஆறு வாரங்கள் நாளவழியே நிகழும். அக்காலத்திற் புற்றுக்கான மருந்தைத் தொடர்ந்தால் வெண்குழியங்கள் குறையும்; நிறுத்தினாற் புற்று வளரும். எதனை முற்படுத்துவது என்பதை இருதய மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் நோயாளியின் கட்டிலருகே கூடியிருந்தே துணிதல் வேண்டும்.