கொல்ப் மட்டையின் முகம்: கைத்திறனும் கருவியறிவும்

கொல்ப், செல்வந்தரின் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடப்படுவதுண்டு. அதில் உண்மை உண்டு. எனினும், அதன் நுட்பத்தை விளக்கியோருள் முதன்மையானவரான பென் ஹோகன், அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் பிறருடைய மட்டைப்பைகளைச் சுமந்து கூலி பெற்ற சிறுவராகவே இவ்வாட்டத்தைக் கற்றார் என்பதை நாம் மறத்தலாகாது.

மட்டையைப் பின்னோக்கி உயர்த்துகையில் அதன் முகம் இலக்கினின்று விலகித் திறந்துகொள்கிறது. மட்டைத்தலையின் திணிவு தண்டின் அச்சுக்கு ஒருபுறமாக அமைந்திருப்பதால் அது இலகுவில் திரும்பாது; கீழ்நோக்கிய வீச்சில் முன்கைகள் சுழன்றே அதனை நேராக்குகின்றன. வலக்கை ஆட்டக்காரரின் இடப்புறங்கை மோதற்கணத்தில் இலக்கை நோக்கியிருத்தல் வேண்டுமென 1957 இல் வெளியான தமது நூலில் ஹோகன் வற்புறுத்தினார். பந்தும் மட்டையும் தொட்டிருப்பதோ ஏறத்தாழச் செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கே. அதற்குள் கை எதனையும் திருத்தவியலாது. முகம் ஒரு பாகை பிசகினும், வளைவை விடுத்தே, 200 மீற்றருக்கப்பால் பந்து ஏறத்தாழ 3 மீற்றர் விலகிவிடும்.

நமது கவனத்திற்குரியது பிறிதொன்று. பந்து புறப்படும் திசையை வீச்சின் பாதையே நிர்ணயிக்கிறது, முகம் அதனைப் பின்னர் வளைக்கிறது என்றே பயிற்றுநர் பலர் நெடுங்காலம் போதித்தனர். உண்மையில், புறப்படும் திசையின் முக்காற் பங்கோ அதற்கு மேலோ முகத்தினாலேயே அமைகிறது. முகத்துக்கும் பாதைக்குமுள்ள வேறுபாடே வளைவைத் தருகிறது. நன்கு ஆடியோரே தவறாக விளக்கினர்: கை அறிந்ததைக் கண் காணவில்லை. நடைமுறையே அறிவின் ஊற்று என்போர் (அவருள் நாமும் அடங்குவோம்) இதனை ஊன்றி நோக்குதல் நன்று. பௌதிகவியலாளர் தியோடர் ஜோர்கென்சன் 1990களில் கணித்துக் காட்டியும், 2000களில் ராடர் கருவிகள் பயிற்சித் திடல்களுக்கு வந்த பின்னரே அப்பழைய போதனை தளரலாயிற்று.