பெயருக்கு முன் எண்: தொடக்ககால இணையக் கோப்புக் களஞ்சியங்களின் முகவரி அறிதல்

ஆய்வுச் சுருக்கம்

இணையத்தின் தொடக்ககாலத்தில் ஒரு கோப்பைப் பதிவிறக்க விரும்பியவர், அது இருக்கும் கணினியின் எண் முகவரியை ஏதேனும் ஒரு வழியில் பெறவேண்டியிருந்தது. அவ்வழிகளையும், பெயர் முறை வளர்ந்த பின்னரும் எண் நீங்காமைக்கான காரணத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எண் முகவரி, கோப்புப் பரிமாற்றம், களப்பெயர் முறை, ஆர்ச்சி, வேர் வழங்கி

முன்னுரை

எஃப்.டி.பி. எனப்படும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் முதல் வரைவை அபய் பூசண் 1971இல் வெளியிட்டார். பின்னர்ப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் தம் கோப்புக் களஞ்சியங்களை அனைவருக்கும் திறந்துவைத்தன. 'அனானிமஸ்' என்னும் பொதுப் பயனர் பெயரே நுழைவதற்குப் போதுமானதாக இருந்தது. எனினும், களஞ்சியக் கணினியின் முகவரி தெரியாமல் எவரும் அதன் வாயிலை அடைய இயலாது.

ஆர்ப்பாநெட் 1983 சனவரி 1இல் டி.சி.பி./ஐ.பி. நெறிமுறைகளுக்கு மாறியது. இம்முறையில் முகவரி என்பது 32 பிட் அளவுள்ள ஓர் எண். படிப்பதற்கு எளிதாக, 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களாகப் பிரித்து, இடையே புள்ளியிட்டு அதனை எழுதுவர்.

ஒற்றைப் பட்டியல்

கணினிகளின் பெயர்களையும் எண்களையும் இணைத்துக் காட்டும் பட்டியலைக் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கிலிருந்த எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தின் வலையமைப்புத் தகவல் மையம் பேணியது. அம்மையத்திற்கு எலிசபெத் ஃபைன்லர் தலைமை தாங்கினார். 'ஹோஸ்ட்ஸ்' எனப்பட்ட அக்கோப்பின் ஒவ்வொரு பதிவும் கணினியின் முகவரி, பெயர், வகை, இயங்குதளம், அது தரும் சேவைகள் ஆகியவற்றைக் கூறியது. ஆகவே, ஒரு கணினியில் கோப்புப் பரிமாற்ற வசதி உண்டா என்பதையும் அப்பட்டியலிலிருந்தே அறிய முடிந்தது.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. இப்பட்டியலையும் எஃப்.டி.பி. வழியாகப் பெறலாம். பட்டியல் கையில் இல்லாதவர், பட்டியல் இருக்கும் கணினியை எவ்வாறு அடைவார்? 1985ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 952 ஆவணம் இதற்கு விடை தருகிறது. அது தகவல் மையக் கணினியின் பெயரோடு 26.0.0.73, 10.0.0.51 என்னும் இரு முகவரிகளையும் அச்சிட்டுள்ளது. முன்னது மில்நெட்டுக்கும் பின்னது ஆர்ப்பாநெட்டுக்கும் உரியது. ஒரே கணினிக்கு இரு எண்கள் இருந்தமையால், எண் என்பது கணினியைக் குறிப்பதன்று, வலையமைப்பில் அது இணையும் இடத்தைக் குறிப்பது என்பது புலனாகிறது.

களப்பெயர் முறையும் ஆர்ச்சியும்

கணினிகள் பெருகியபோது ஒற்றைப் பட்டியலைப் புதுப்பித்தலும் அனைவருக்கும் வழங்குதலும் பெரும் சுமையாயின. எனவே, பால் மொக்கப்பெட்ரிசு 1983இல் டி.என்.எஸ். என்னும் களப்பெயர் முறையை முன்வைத்தார். இம்முறையில் ஒவ்வொரு நிறுவனமும் தன் கணினிகளின் முகவரிகளைத் தானே பேணுகிறது. வினவும் கணினி வேர் வழங்கியில் தொடங்கி, அது சுட்டும் வழங்கிகளைப் படிப்படியாக அணுகி, உரிய எண்ணைப் பெறுகிறது. பயனர் தாமே எண்ணை அறிய விரும்பினால் 'என்எஸ்லுக்கப்' என்னும் கட்டளை உதவியது.

எந்தக் களஞ்சியத்தில் எந்தக் கோப்பு உள்ளது என்பதைத் தேடித்தரும் 'ஆர்ச்சி' 1990இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஆலன் எம்டேஜ் அதன் முதல் வடிவத்தை எழுதினார். ஆர்ச்சியின் விடைகளில் கணினியின் பெயரோடு எண்ணும் இடம்பெற்றது. சான்றாக, செயின்ட் லூயிசிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தின் எண் 128.252.135.4 ஆக இருந்தது. பெயரை எண்ணாக மாற்றும் வசதி இல்லாத கணினியில் இருந்தவருக்கு இவ்வெண்ணே வழியாயிற்று. ஆனால், களஞ்சியம் வேறு வலையமைப்புக்கு மாறினால் குறித்துவைத்த எண் பயனற்றுப் போகும். பெயரோ, அதன் பதிவு திருத்தப்பட்டதும் புதிய இடத்தைக் காட்டும்.

முடிவுரை

களப்பெயர் முறை எண்ணை மறைத்ததேயன்றி நீக்கவில்லை. பெயர்களைத் தேடத் தொடங்கும் வழங்கிக்கு, வேர் வழங்கிகளின் எண்கள் அடங்கிய சிறு கோப்பு இன்றும் முன்கூட்டியே தரப்படுகிறது. 1985இல் ஆவணத்தில் அச்சிடப்பட்ட முகவரி செய்த பணியையே இக்கோப்பும் செய்கிறது. பழைய கணினி ஆவணங்களை ஆய்வோர், அவற்றிலுள்ள எண்ணை அக்காலத்து இடக்குறிப்பாக மட்டுமே கொள்ளவேண்டும். அதே எண் இன்று வேறொருவருக்கு உரியதாக இருக்கலாம். எனவே, எண்ணோடு பெயரையும் ஆவணத்தின் காலத்தையும் சேர்த்துப் பதிவுசெய்தலே ஆய்வுக்குத் துணைசெய்யும்.